முள்ளில்லாக் களா

"முள் இல்லை. கிள்ளினால் பால் வருகிறது. காய்க்குள் விதை ஒன்றுதான். பெயர் எழுதவில்லை."

என் நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றுக்கு எதிரே இவ்வளவுதான் இருக்கிறது. கொரோனா ஊரடங்குக்கு முந்தைய ஆவணி. அது புரட்டாசி என்று செல்வி சாதிக்கிறாள். அன்று அவளும் நர்சரியில் இருந்தாள் என்பது உண்மை. ஆனால் நான் அன்றைக்கன்று எழுதி வைத்தேன், அவள் எழுதி வைக்கவில்லை.

செல்வி என்னிடம் வேலை பழகியவள். நான் ஓய்வு பெற்றபின் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டியுள்ள அந்த நர்சரியை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். சென்ற வாரம் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கூரியர்ல களாக் கன்னு விக்காவ. முள்ளே கிடையாதாம். படத்துல காய் கொத்துக் கொத்தாத் தொங்குது. தினம் நாலு பேரு வந்து கேக்காவ. ஒரு பெட்டி வரவழைச்சுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்னு சொல்லணும்ல? 'எங்க அண்ணாச்சி வேண்டாம்னுட்டாரு'ன்னு சொன்னா கஸ்டமர் சிரிக்க மாட்டாவளா?"

சிரிக்கட்டும். ஆனாலும் அன்று நர்சரிக்கு வெளியே நடந்தது அவளுக்குத் தெரியாது, காரணம் முழுதாகத் தெரிய வேண்டும். அவளைப் போலக் கன்று விற்கிறவர்களுக்கும், வீட்டுக்கு ஒரு பழச்செடி வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

என் முதல் சில ஆண்டுகளை ஒரு வரியில் முடித்துவிடலாம். மண் கலந்தேன், பை நிரப்பினேன், தண்ணீர் ஊற்றினேன், மாலையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தேன். படித்ததைவிட அதிகமாகக் கற்றது முதலாளி வேங்கடராஜாவைப் பார்த்துத்தான்.

எங்கள் பக்கத்து வெயிலுக்கும் சரளை மண்ணுக்கும் தாங்குகிற பழப்புதர் என்றால் களாதான். மல்பெரிக்குத் தண்ணீர் வேண்டும். இலந்தை மரமாகிவிடும். சூரை படர்ந்து ஆளைக் கிழிக்கும். களாவோ முதல் வருடம் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டினால் போதும், பிறகு நம்மை மறந்துவிடும். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்கக் கூடாது, அடித்தண்டின் கனத்தைப் பார்க்க வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு பந்தாகக் கிடந்தால் அந்தக் கன்று தரைக்குப் போனாலும் சுருண்டேதான் கிடக்கும். ஒன்றரை அடிக் குழி வெட்டி, மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து, ஐப்பசி மழைக்கு முன்பாக நட வேண்டும். வேலிக்கு என்றால் நெருக்கமாக நடலாம், காய்க்கு என்றால் ஆள் சுற்றிவர இடம் விட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் இலை மஞ்சளாகும். காய் பறித்து முடித்தபின் கவாத்து செய்யலாம். விதையிலிருந்து வந்த கன்று மூன்றாம் வருடம் காய்க்கும்.

களாவில் ஒரே தொந்தரவு முள். அடிவாரத்துத் தோட்டக்காரர்கள் அந்த முள்ளுக்காகவே வாங்குவார்கள், பன்றி அந்த வேலிக்குள் நுழையாது. வீட்டுக்காரர்கள் அதே முள்ளுக்காக வேண்டாம் என்பார்கள். முள்செடி வாசலுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே "முள் இல்லாத களா இருக்கா?" என்ற கேள்வியை நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி ஒல்லியான மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டையோடுதான் மண்ணில் உட்காருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் "ஆகு" என்பார். நில் என்று பொருள். சத்தம் கூடாது, ஆனால் ஆள் நின்றுவிடுவான். ஒரு செடியைக் காட்டி இது என்ன என்று கேட்டால் உடனே பதில் வராது. இலையைப் புரட்டி முதுகைப் பார்ப்பார். கிழித்து முகர்வார். காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதற்கப்புறம்தான் பெயரைச் சொல்வார். தெரியாவிட்டால் "தெரியாது" என்பார். அதையும் கை கழுவிவிட்டுத்தான் சொல்வார்.

வெளியூரிலிருந்து வரும் புதுச்செடி எதுவானாலும் நேரே விற்பனைக்குப் போகாது. பம்ப் ரூமுக்குப் பின்னால் கம்பிவலை கட்டிய பாத்தி ஒன்று இருந்தது. பூவும் காயும் பார்க்கிறவரை செடி அதற்குள்தான் கிடக்க வேண்டும். பெயரும் கிடையாது, விலையும் கிடையாது. நாங்கள் அதை 'ஜெயில்' என்போம்.

ஒருமுறை அழகுச்செடி லோடு ஒன்றில் கேட்காத கன்றுகள் சில கலந்து வந்தன. எதிரெதிர் இலை, தடிப்பு, கரும்பச்சை, கிள்ளினால் வெள்ளைப் பால். முள் மட்டும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் முள்ளில்லாக் களா என்றார்கள். முதலாளி அவற்றை ஜெயிலுக்கு அனுப்பினார்.

அந்த வாரமே தேவதானத்திலிருந்து மாடசாமி வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், முதலாளியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கம்பிவலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏலே தங்கவேலு, இது களாதான? முள்ள எங்கல காணோம்?"

"பேரு இன்னும் வைக்கல ஐயா. ஜெயில்ல இருக்கு."

"என்ன கேஸு?"

"சார்ஜ் ஷீட் போடல."

"பொறவு எதுக்குல அடைச்சு வச்சிருக்க? ஜாமீன்ல விடு, நான் கையெழுத்துப் போடுதேன். எங்க கேம்ப்புல ஆபீசர் பங்களா வாசல்ல இதே செடி வரிசையா நின்னுச்சு."

"காய் தின்னு பாத்தீயளா?"

"ஆபீசர் வீட்டுச் செடியில கை வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

முதலாளி வந்தார். இலையைப் புரட்டினார், கிள்ளினார், கை கழுவினார். "தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியும்ல. வீட்டுக்காரி முள்ளுச் செடி வாசல்ல நிக்கக் கூடாதுங்கா. உன்கிட்ட எம்புட்டு வருஷமா ஒரு முள்ளில்லாக் களா கேக்கேன்?"

முதலாளி அவரையும் கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பிவலையைத் திறந்து ஒரு கன்றை எடுத்துக் கொடுத்தார். "காய் வந்தா மொதல்ல என்கிட்ட காட்டு. அதுவரைக்கும் வாயில வைக்காத." நான் அறிந்தவரை அந்த வலை காயைப் பார்க்காமல் திறந்தது அந்த ஒருமுறைதான்.

இனி, சில வருடங்கள் கழித்து வந்த அந்தப் புதன்கிழமை.

பையில் நின்ற கன்றுகள் அந்தக் கோடையில்தான் முதல்முறை பூத்தன. களாவுக்குப் பூ கிளை நுனியில் வரும். இவற்றுக்கோ இலைக்கக்கத்தில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தது. முதலாளியிடம் சொன்னேன், "காய் பாப்போம்" என்றார். ஆவணியில் காய் ஊதாவாகத் திரும்பியது. அன்று காலை ஒன்றைப் பறித்து பிளேடால் இரண்டாகப் பிளந்தார். களாக்காய்க்குள் தட்டையாகச் சின்னச் சின்ன விதைகள் இருக்கும். இதில் கொழுத்த ஒரே விதை. அடுத்ததிலும் ஒன்றுதான்.

எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய்க் கழுவினார். என்னை அப்போதுதான் பயம் தொட்டது. அவர் ஒருமுறைக்கு மேல் கை கழுவி நான் பார்த்ததில்லை.

"மாடசாமி வீட்டுச் செடி தரையில நிக்கி" என்றார். "பையில நிக்கிறதே காய்ச்சிருச்சுன்னா..."

மாடசாமி போனை எடுக்கவில்லை. காய்த்த கிளை ஒன்றைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, நர்சரி லோடு வண்டியில் இருவரும் தேவதானம் போனோம். நான்தான் ஓட்டினேன்.

வாசலில் செடி ஆள் உயரம் நின்றது. அதில் ஒரு காய்கூட இல்லை. பறித்த காம்புகளின் நுனியில் பால் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக உறைந்திருந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் முதலாளி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

மாடசாமியின் மனைவி மலர்ந்த முகத்தோடு வந்தார். "வாங்கண்ணே. உங்க செடி கொள்ளையா காய்ச்சிருச்சு."

"காயெல்லாம் எங்கம்மா?"

"மொதக் காய்ப்பு வீட்டுக்கு ஆகாதுல்ல? ஊறுகாய் போட்டு மக வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன். மாசமா இருக்கா, புளிப்பாக் கேட்டா. இவிய நேத்துத்தான் பஸ்ஸுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தாவ."

"நீங்க தின்னீங்களா?"

"உப்புப் பாக்கக்கூட நாக்குல வைக்கல. நல்லா ஊறட்டும், ஜாடித் துணிய அவுக்காதீயன்னு சொல்லித்தான் விட்டேன்."

துணி அவிழாமல் இருக்கலாம். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அன்று காலை முழுவதும் மூச்சு விட்டோம். வயலிலிருந்து வந்த மாடசாமியிடம் விஷயத்தைச் சொல்லி வண்டியில் ஏற்றினோம். மகள் முத்துமாரியைக் கட்டிக்கொடுத்த ஊர் பிளவக்கல் பக்கம், மலையடிவாரம். மருமகன் போலீஸ் வேலையில் வெளியூரில் இருந்தார். வீட்டில் முத்துமாரியும் மாமனார் சங்கரபாண்டியும் மாமியாரும்தான்.

ராஜபாளையத்துக்குள் நுழையும்போது முதலாளி, "போன் போட்டுச் சொல்லு, ஜாடியத் தொடாதீங்கன்னு" என்றார். மாடசாமிக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்தப் பக்கம் எடுத்தவர் சங்கரபாண்டி.

"சம்பந்தி, நல்லா இருக்கீயளா?"

"இருக்கோம். நேத்துத்தான வந்துட்டுப் போனீய, என்ன விசேஷம்?"

மாடசாமி முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் ஒரு சோலி. செத்த எட்டிப் பாத்துட்டுப் போவலாம்னு..."

"வாங்க வாங்க. சாப்பாட்டுக்கு வந்துருங்க."

போன் நின்றது.

"நீ சொல்லலையே" என்றார் முதலாளி.

"மக எடுப்பான்னு நெனச்சேன். சம்பந்தி எடுத்துட்டாரு. நாங்க குடுத்துவிட்ட சாமான்ல விஷம்னு எப்பிடி வாயெடுத்துச் சொல்ல? நேர்ல போயிக் கமுக்கமா ஜாடிய வாங்கிட்டு வந்துருவோம்."

"ஆகு" என்றார் முதலாளி. போனைப் பிடுங்கி அவரே போட்டார். கிடைக்கவில்லை. அடிவாரத்தில் சிக்னல் வரும், போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளைக் கடக்கும்போது மாடசாமி, "ரெண்டு நிமிஷம் நிறுத்து தங்கவேலு, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட..." என்று ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை. கடைகள் மறையும்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலாளி விடாமல் அந்த எண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது வீட்டில் வாழையிலை நறுக்கி வைத்திருந்தார்கள். மாமியார் வாசலுக்கே வந்தார். "வாங்க. நீங்க வாரீயன்னதும் அவிய, சம்பந்தி வீட்டு ஊறுகாய எடுத்து வைங்கன்னாவ. அப்பத்தான் உங்களுக்கு மரியாதைன்னாவ. எடுத்து வச்சிருக்கோம்."

ஜாடியின் துணி அவிழ்ந்து கிடந்தது.

"யாரு தின்னது?" முதலாளி கத்தி அன்றுதான் கேட்டேன்.

மாமியார் திகைத்துப் போனார். "அவியதான். பசி தாங்க மாட்டாவ, சோத்துல போட்டுச் சாப்பிட்டாவ. கொஞ்சம் கசக்குன்னாவ."

முத்துமாரி சாப்பிட்டிருக்கவில்லை. விருந்தாளி சாப்பிடாமல் அவள் எப்படிச் சாப்பிடுவாள்? சங்கரபாண்டியைத் தேடினோம். தொழுவத்துக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து அந்த நிலையிலும் "வாங்க சம்பந்தி" என்றார். அடுத்த அடி வைக்க முடியாமல் சுவரோடு சரிந்தார்.

அவரை முன்சீட்டில் என்மேல் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினேன். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். பேசிக்கொண்டே வந்தவர் பாதிவழியில் பேச்சை நிறுத்திவிட்டார். என் தோளில் அவர் தலை ஆடுவது வண்டியின் ஆட்டமா, அவருடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. நாடியைப் பிடித்ததும் டாக்டர் முகம் மாறியது. இதயத் துடிப்பு மிகவும் இறங்கியிருந்தது. கருவியில் ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அரளி விதை ஏதும் சாப்பிட்டாரா? வீட்டுல ஏதாவது மனத்தாங்கலா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமியார் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"ஏட்டி, சோத்துல என்னட்டி போட்ட?"

"அத்தை, நான் ஒண்ணும்..."

"பரிமாறுனது நீ. வந்தது உங்க ஆத்தா வீட்டு ஜாடி. அவருக்கு ஒண்ணுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

முத்துமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். எல்லையில் நின்ற மாடசாமி, தன் மகளுக்கும் சம்பந்திக்கும் நடுவே நிற்கத் தெரியாமல் நின்றார். நர்ஸ் ஒருவர் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஒரு கிழவரின் உயிரும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் ஒரே கட்டிலில் கிடந்தன.

முதலாளி டாக்டர் முன்னால் போய்ப் பையைப் பிரித்துக் கிளையை மேசைமேல் வைத்தார். "அரளி இல்ல. இது. என் நர்சரிச் செடி. பேரு தெரியாது, தெரியாமத்தான் குடுத்தேன். காயை இவங்க வீட்டுல களான்னு நெனச்சு ஊறுகாய் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. என் பேர முழுசா எழுதிக்கங்க."

டாக்டர் கிளையைத் தொடாமல் பார்த்தார். "அரளிக்குப் பாக்கிற வைத்தியத்தைத்தான் பார்க்க முடியும்" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலாளி கை கழுவ இடம் தேடினார். குழாயைத் திறந்து விட்டு நின்றவர், நெடுநேரம் அங்கேயே நின்றார்.

சங்கரபாண்டி பிழைத்தார். சில நாட்கள் ஊசலாடித்தான் பிழைத்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டு போனார், அது மேலே போகவில்லை. முத்துமாரியை அந்த வீட்டில் பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றுதான் மாடசாமி சொல்கிறார். ஆனால் குழந்தை பிறந்து நெடுநாள்வரை அவள் பரிமாறியதைத் தான் முதலில் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் மற்றவர்களுக்குக் கொடுப்பாராம்.

ஜெயிலில் இருந்த செடிகளைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினோம். புகைக்குப் பயந்து எரிக்கவில்லை. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். தேவதானத்துச் செடியையும் அப்படியே செய்தோம். கிளையைப் பார்த்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர், களாவைப் போலவே இருக்கும் ஆப்பிரிக்க நச்சுப்புதர் ஒன்று உண்டு, அம்பு நுனியில் தடவுவார்கள், அதுவாக இருக்கலாம் என்றார். காய்ந்த கிளையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். 'இருக்கலாம்' என்றே நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே செல்விக்கு: முள்ளில்லாத களா உண்மையிலேயே இருக்கலாம். எங்கோ நல்ல மனிதர்கள் அதை வளர்த்து விற்கலாம். ஆனால் பெட்டிக்குள் வரும் கன்றுக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. படத்தில் தொங்கும் காய் எந்தச் செடியில் காய்த்தது என்று யார் பார்த்தார்கள்? முள்ளுள்ள களாவை விற்கலாம். குத்தினால் ரத்தம் வரும், அவ்வளவுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு முதலாளி காலமான துக்கத்துக்கு வந்த மாடசாமி, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கவேலு, அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தச் செடி காய்க்கிறதுக்கு முந்தி ஒரு கிளையை மண்ணுல அமுக்கிப் பதியம் போட்டேன். வேர் விட்டதும் என் கூட சர்வீஸ் பாத்த ஒருத்தருக்குக் குடுத்தேன். ராஜபாளையத்துல வீடு. அவரு கொரோனாவுல போயிட்டாரு."

மறுநாளே அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மதிலுக்கு மேலே கரும்பச்சையில் ஒரு புதர் தலை நீட்டியிருந்தது. இலை எதிரெதிராக, தடிப்பாக. முள் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டிய இலையைக் கிள்ளினேன், பால் வந்தது. பூவோ காயோ அப்போது இல்லை. அதைத் தொட வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி, என் நம்பரைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் நம்பருக்காகக் காத்திருந்தேன்.

சென்ற மாதம் மறுபடி போனேன். புதர் இல்லை. வீடு கைமாறியிருந்தது, கேட் திறந்து கிடந்தது. செடி நின்ற இடத்தில் குழி இருந்தது. வெட்டி எறிகிறவர்கள் அடிக்கட்டையை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கன்னாபின்னாவென்று தோண்டுவார்கள். இந்தக் குழி வட்டமாக, ஓரம் சீவியது போல இருந்தது. வேரைச் சுற்றி மண்கட்டி உடையாமல், வேறோர் இடத்தில் நடுவதற்காகப் பெயர்த்தெடுத்த குழி.

யார் எடுத்தார்கள் என்பது புது வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அது மாடசாமி கொடுத்த செடிதானா, இப்போது எந்த வாசலில் நிற்கிறது, இந்த ஆவணியில் காய்க்குமா என்பவை இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.